பின்பாதி மட்டும் தெரிந்த மாப்பிள்ளை

பங்குத்தந்தையின் அறையில் ஒரு மேஜை விசிறி இடமும் வலமும் தலையாட்டிக்கொண்டிருந்தது. அது எங்கள் பக்கம் திரும்பும்போது சவரிராஜின் நெற்றி வியர்வை காய்ந்தது. அந்தப் பக்கம் போனதும் மறுபடி முத்து முத்தாகப் பூத்தது. அறை முழுக்க மெழுகுவத்தி வாசனை.

“அருள்நிறை மந்திரம் சொல்லுங்க தம்பி” என்றார் ஃபாதர்.

மந்திரம் என்றதும் பயந்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் செபத்தை அப்படித்தான் சொல்வார்கள். அதிலும் அருள்நிறை மந்திரம், மாதாவை நோக்கிச் சொல்லும் நாலு வரிச் செபம். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைக்கு அது அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடி காதில் விழும் சங்கதி.

சவரிராஜுக்கு அப்போது முப்பது வயது. வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறவர், ஆறு மாடி உயரத்துக்கு இரும்பைத் தூக்கி இறக்குகிறவர். அப்பேர்ப்பட்ட மனிதர் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு என்னைப் பார்த்தார்.

என்னைப் பார்த்தால்? நான் காளீஸ்வரி. அறந்தாங்கிக்காரி. எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் முருகன் இருக்கிறார், காளி இருக்கிறாள், மாதா கிடையாது. அடுத்த எட்டாம் நாள் எங்களுக்குக் கல்யாணம்.

“சரி, நானே எடுத்துக்கொடுக்குறேன்” என்று ஃபாதர் நிதானமாகத் தொடங்கினார். பாதியில் மூச்சு வாங்க நிறுத்தினார் பாருங்கள், அவ்வளவுதான். சவரி நிமிர்ந்து உட்கார்ந்து மீதியை ஒரே மூச்சில், ஒரு சொல் பிசகாமல், ஜன்னல் கண்ணாடி அதிர முழங்கி ஆமென் போட்டார்.

“அட, நல்லாத் தெரியுதே! இப்ப மொதல்லேருந்து நீங்களே சொல்லுங்க.”

வாய் திறந்தது. மூடியது.

“முன்னாடி பாதி என்னாச்சு தம்பி?”

“அதை எப்பவும் அம்மா சொல்லுவாங்க ஃபாதர்.”

எனக்குச் சிரிப்புப் பீறிட்டது. துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டேன்.

இது எப்படி ஆனது என்றால்

செபமாலை சொல்லும் வீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

செபமாலை என்பது ஐம்பத்து மூன்று சிறு மணிகள் கோத்த மாலை. ஒரு மணிக்கு ஓர் அருள்நிறை மந்திரம். முன்பாதியை ஒருவர் சொல்வார், பின்பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள். முன்பாதி, வானதூதர் வந்து மரியாளுக்குச் சொன்ன வாழ்த்து. பின்பாதி, நமக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று நாம் அந்த மாதாவிடம் கேட்பது. அழகான ஏற்பாடு.

சவரியின் வீட்டில் முன்பாதி அவருடைய அம்மா மத்தலேனுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது. குளத்தூர்ப் பக்கத்து அந்த ஊரில், அவர்கள் தெருவிலேயே அவர் குரல்தான் பெரிய குரல். வாழ வந்த நாளிலிருந்து தினமும் ஏழு மணிக்கு அவர் முன்பாதி சொல்ல, வீடு பின்பாதி சொல்லியிருக்கிறது. சவரி பிறந்ததும் பின்பாதிக் கூட்டத்தில் சேர்க்கப்பட்டார். வளைகுடாவுக்குப் போனால் அங்கே அறையில் ஒரு தூத்துக்குடிக்காரர் முன்பாதியைப் பிடித்துக்கொண்டார். ஆக, முப்பது வருஷம் பின்பாதி.

ஃபாதர் விடவில்லை. இயேசு கற்றுக்கொடுத்த செபத்தைச் சொல்லச் சொன்னார். அது பூசையில் எல்லாரும் சேர்ந்து பாடுவது. சவரிக்கு ராகம் போட்டால் வந்தது, ராகம் இல்லாமல் வரவில்லை. அறையில் உட்கார்ந்து மெல்லப் பாடினார், ஃபாதரும் பொறுமையாகக் கேட்டார். அடுத்து விசுவாசப் பிரமாணம். தாங்கள் நம்புவதையெல்லாம் கத்தோலிக்கர்கள் வரிசையாக அறிக்கையிடும் நீளமான செபம் அது. அதில் சவரி தெளிவாகச் சொன்னது கடைசி ஆமென் ஒன்றைத்தான். மற்றதெல்லாம் முணுமுணுப்பு. கூட்டத்தில் நின்று உதட்டை மட்டும் அசைத்தே ஒப்பேற்றியிருக்கிறார் மனுஷன்!

“நீங்க சொல்ல வேண்டியதில்லம்மா” என்று ஃபாதர் என் பக்கம் திரும்பினார், மரியாதைக்கு.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? மூன்று செபத்தையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டேன். “விசுவாசப் பிரமாணம் ஏழாம் பக்கத்துல ஆரம்பிச்சு எட்டுல முடியுது ஃபாதர். மேலேருந்து மூணாவது வரி கொஞ்சம் ஓரத்துல இடிக்கும்” என்று கூடுதல் தகவலும் கொடுத்தேன்.

சவரி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு வலிக்கிறது.

தட்டச்சில் வந்த ஞானம்

எனக்கு எப்படித் தெரியும்? புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டி.டி.பி. கடையில் எனக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் விரல் வழியாகத்தான் ஊருக்குப் போகும். அந்தப் பங்குக் கோயிலின் செபப் புத்தகத்தையும் நான்தான் அடித்தேன். ஒரு தடவை அடித்து, மூன்று தடவை திருத்தினேன். மனப்பாடம் ஆகாமல் என்ன செய்யும்?

அடிக்கும்போது சந்தேகம் வரும். புரூஃப் பார்க்க வரும் ஃபாதரிடம் கேட்பேன். “தந்தை, மகன், தூய ஆவின்னு வருதே ஃபாதர், மொத்தம் மூணு கடவுளா?” அவர் சிரித்தார். “ஒண்ணுதான்மா. மூணு ஆளா இருக்கிற ஒரே கடவுள். முழுசா வெளங்கிருச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, எனக்கே வெளங்கல.” அந்த பதில் எனக்குப் பிடித்தது. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன மனிதரிடம் அடுத்த கேள்வி கேட்கத் துணிச்சல் வந்தது.

அப்படித்தான் தெரிந்துகொண்டேன். கடவுளே மனிதராகப் பிறந்து, சிலுவையில் இறந்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது அவர்கள் நம்பிக்கையின் அச்சாணி. உயிர்த்தது ஞாயிறு என்பதால்தான் ஞாயிறு தவறாமல் பூசை. மாதாவை அவர்கள் கடவுளாகக் கும்பிடுவதில்லை. அப்பாவிடம் காரியம் ஆகவேண்டுமென்றால் அம்மாவிடம் போய் நிற்போமே, அந்தக் கதை.

சவரியும் அந்தக் கடைக்குத்தான் வந்தார், தங்கையின் கல்யாணப் பத்திரிகை அடிக்க. பத்திரிகையில் ஒரு பிழை கிடையாது. ஆனாலும் மனிதர் புரூஃப் பார்க்க நாலு நாள் வந்தார். நாலாம் நாள், “இதே டிசைன்ல எனக்கும் ஒண்ணு அடிக்கணுங்க, பொண்ணு பேரு மட்டும் நீங்கதான் சொல்லணும்” என்றார். எங்கே கற்றாரோ! மறு லீவில் வந்து எங்கள் அப்பாவிடம் நேரே பேசினார்.

அப்பாவின் சந்தேகங்கள்

எங்கள் அப்பா அறந்தாங்கியில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். ஊரில் எந்தக் கல்யாணமானாலும் அண்டாவும் குண்டாவும் எங்களுடையது. கல்யாண விஷயத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை, வேதக்காரர்கள் கல்யாணத்தைத் தவிர. என்னை உட்காரவைத்துக் கேட்டார்.

“தாலி உண்டா?”

“உண்டுப்பா. சிலுவை போட்ட தாலி. ஃபாதர் மந்திரிச்சுக் கொடுப்பாரு, அவரு கட்டுவாரு.”

“தேங்கா ஒடைப்பாங்களா?”

“மாட்டாங்க.”

“பொட்டு?”

“அதை யாரும் அழிக்கச் சொல்லலப்பா.”

“நீ மாறணுமா?”

இதை நான் முன்பே ஃபாதரிடம் கேட்டிருந்தேன். நம்பிக்கை உள்ளேயிருந்து வர வேண்டும், கல்யாணத்துக்காகச் சட்டை மாற்றுவது போல மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆயர் என்கிற பிஷப்பிடம் அனுமதி வாங்கினால், நான் காளீஸ்வரியாகவே கோயிலில் தாலி கட்டிக்கொள்ளலாம். திருப்பலி என்கிற முழுப் பூசை இல்லாமல் வாசகம், வாக்குறுதி, தாலி. முக்கால் மணி நேரத்தில் முடியும்.

அப்பாவுக்கு அந்த முக்கால் மணி நேரம் ரொம்பப் பிடித்தது. காலண்டரைப் புரட்டினார். திங்கட்கிழமை, அமாவாசை கழிந்த மறுநாள், வளர்பிறை. பத்தரைக்கு எமகண்டம். “பத்து இருவதுக்குள்ள தாலி ஏறிரணும். சாமியார்கிட்டச் சொல்லி பிரசங்கத்தைக் கொஞ்சம் சுருக்கச் சொல்லு” என்றார். நானும் போய்ச் சொன்னேன். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். சுருக்குகிறேன் என்று வாக்கும் கொடுத்தார்.

திங்கள் போனால் போயிற்று

அந்தத் திங்களைத் தவற விட்டால் எங்கள் கதை கந்தல். ஏனென்றால் புதன்கிழமை திருநீற்றுப் புதன்.

போன வருஷம் குருத்து ஞாயிறன்று கையில் பிடித்த குருத்தோலைகளை எரித்து, அந்தச் சாம்பலை நெற்றியில் பூசுவார்கள். மண்ணிலிருந்து வந்தவன் மண்ணுக்கே போவான் என்று ஞாபகப்படுத்துவதற்கு. கேட்டதும் அப்பா, “இதைத்தான நாம தெனமும் பூசுறோம்” என்று தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அன்று தொடங்கி நாற்பது நாள் தவக்காலம். இயேசு பாடுபட்டதை நினைத்து நோன்பு இருப்பார்கள், வெள்ளிக்கிழமை கறி கிடையாது, பூ அலங்காரம் கிடையாது. அந்தப் பங்கில் கல்யாணமும் கிடையாது. அப்புறம் ஈஸ்டர் கழித்துத்தான்.

சவரியின் லீவு தவக்காலத்துப் பாதியிலேயே முடிகிறது. அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. எங்கள் அப்பா இரண்டு வருஷம் காத்திருக்கிற ஆள் இல்லை. அத்தை மகன் ஒருவன் திருப்பூரில் தயாராக நின்றான்.

அதற்கு நடுவே கல்யாண ஓலை இருக்கிறது. ஓலை என்றால் இப்போது காகிதம்தான். தொடர்ந்து மூன்று ஞாயிறு, பூசை முடிவில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் பேசியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். ஊரைக் கூட்டி மூன்று வாரம் ஆட்சேபணை கேட்கிற தைரியம் எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் பக்கம் யாரும் கேட்காமலே வந்து சொல்வார்கள்.

முதல் ஓலை அன்று வேடிக்கை பார்க்கப் போனேன். பெண்கள் பக்கம் கடைசித் தூணோரம் பாயில் உட்கார்ந்திருந்தேன். “காளீஸ்வரி” என்று ஒலிபெருக்கி சொன்னதும் அத்தனை தலையும் திரும்பியது. செசிலி, தெரசா, மார்த்தாள் என்றே கேட்டுப் பழகிய கோயில் அது.

மத்தலேன் அத்தை மட்டும் திரும்பவில்லை. முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. மறைப்பானேன், பஸ்ஸில் புதுக்கோட்டை வரும்வரை அழுதேன்.

அவர் கெட்டவர் இல்லை. என்னிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார், அவ்வளவே. சவரியிடம் சொன்னாராம்: “பேரப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. அந்தப் பொண்ணு வாயில ஒரு மந்திரம் வருமாடா? எனக்கப்புறம் இந்த வீட்டுல செபமாலை யாரு சொல்லுவா?”

ஃபாதரின் தீர்ப்பு

சரி, விசிறி தலையாட்டிக்கொண்டிருந்த அறைக்கு வருவோம். இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு அது. வழக்கமாக மந்திரம் கேட்டு முடித்துத்தான் ஓலையே வாசிப்பார்கள். லீவு குறைவென்று ஃபாதர் இரக்கப்பட்டு, மூன்றாம் ஓலைக்குள் ஒப்பித்தால் போதும் என்று விட்டிருந்தார். வந்த வினையைப் பாருங்கள்.

“தம்பி, நாளைக்கு ஒங்களுக்குப் பிள்ளைங்க பொறக்கும். வீட்டுல செபத்தை யாராவது ஆரம்பிக்கணும்ல? எல்லாரும் பின்னாடி பாதிக்குக் காத்துக்கிட்டு இருந்தா எப்படி?” என்றார் ஃபாதர். “சனிக்கிழமை ஒங்க வீட்டுலதான அன்பியக் கூட்டம். செபமாலைய நீங்க ஆரம்பிச்சு நீங்களே முடிக்கணும். மத்த ரெண்டு செபமும் பொறவு பாத்துக்கலாம். நான் வந்து ஒக்காந்திருப்பேன். சொல்லிட்டா ஞாயித்துக்கெழமை மூணாவது ஓலை. இல்லன்னா ஈஸ்டர் முடிஞ்சு பாப்போம்.”

அன்பியம் என்பது ஒரு தெருக் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்து முறை வைத்து வீடு வீடாகச் செபிக்கும் குழு. அதாவது, தெருவே பார்க்கப் பரீட்சை.

வெளியே வராந்தாவில் மத்தலேன் அத்தை நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். “என் வளர்ப்ப எங்கிட்டுப் போயிச் சொல்ல!” என்று மகன் முதுகில் ஒன்று வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

பேக்கரியில் வேதபாடம்

திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் மதியம் சவரி பஸ் ஏறி வந்தார். எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி பாய் ஒருவரின் பேக்கரி. டீ, முட்டை பப்ஸ், நடுவில் செபப் புத்தகம். ஒரு காளீஸ்வரி ஒரு சவரிராஜுக்கு மாதா மந்திரம் சொல்லிக்கொடுக்கிறாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். காதலிக்க வேறு இடமா இல்லை, இந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்தது அதுதான்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான் முன்பாதியைச் சொல்லிக்கொடுத்தால், வாய் தானாகப் பின்பாதிக்குத் தாவும்.

“ஏங்க, நீங்களா ஒண்ணை ஆரம்பிச்சதே கெடையாதா?”

“கிரேன்ல நான் எங்க ஆரம்பிக்கிறது? கீழ ஒருத்தன் கை காட்டுவான். விரலை மேல நீட்டிச் சுத்துனா தூக்கணும். கைய விரிச்சு நீட்டுனா நிறுத்தணும். அவன் காட்டாம நான் அசைக்கவே கூடாது.”

எனக்குப் பொறி தட்டியது. எழுந்து நின்று ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினேன். மனிதர் படக்கென்று முன்பாதியைத் தொடங்கினார்! பாதி வந்ததும் கையை விரித்து நீட்டினேன். நின்றார். மறுபடி விரல், மறுபடி முன்பாதி. நான் பேக்கரி என்றும் பாராமல் கை தட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒரே ஒரு இடத்தில் சவரி திக்கினார். நான் விரலைச் சுழற்றச் சுழற்ற, வார்த்தை வரவில்லை. கல்லாவிலிருந்து பாய் அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுத்தார். “அஞ்சு நாளாக் கேக்குறேன்ல தங்கச்சி, எனக்கே வந்துருச்சு” என்று பப்ஸ் தட்டைத் துடைக்கப் போனார்.

சனிக்கிழமை ஏழு மணி

அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். அவர் வெறுங்கையோடு வரமாட்டார், டீ வைக்க ஒரு பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வீட்டு நடுவில் மாதா சுரூபம், அதாவது சிலை, நீல பல்பு, மல்லிகைச் சரம், ஊதுவத்தி. அண்டை வீட்டுப் பெண்கள் தரையில், ஆண்கள் வாசல் வரை. ஃபாதர் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில். சவரி சுரூபத்துக்கு முன்னால் முழந்தாள் போட்டிருந்தார், முகம் எங்களைப் பார்க்கும்படி சற்றுத் திரும்பி, என் கை தெரிவதற்காக. அவர் அம்மா முதல் வரிசையில். எனக்கு இடம் அத்தைக்குப் பக்கத்தில்தான் கிடைத்தது.

சனிக்கிழமை என்றால் செபமாலையில் மகிழ்ச்சி நிறைந்த நிகழ்ச்சிகளை நினைத்துச் செபிக்கும் நாள். வானதூதர் வந்த சேதி, மரியாள் எலிசபெத்தைப் பார்க்கப் போனது, குழந்தை பிறந்தது, இப்படி. நான் மடியில் விரலைச் சுழற்றினேன்.

சவரி முதல் மணியைப் பிடித்து முன்பாதியைச் சொன்னார். கணீரென்று, முழுசாக! கையை நீட்டினேன். நிறுத்தினார். எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது.

இப்போது கூட்டம் பின்பாதி சொல்ல வேண்டும். என் காதருகே ஒரு பெருங்குரல் கிளம்பியது. மத்தலேன் அத்தை. அவர் சொன்னது முன்பாதி.

இத்தனை வருஷப் பழக்கம், வாய் தானாகத் தொடங்கிவிட்டது. அந்தக் குரலுக்கு முன்னால் கூட்டத்தின் பின்பாதி எடுபடவே இல்லை. அதைவிடக் கொடுமை, அம்மாவின் முன்பாதி காதில் விழுந்ததும் சவரியின் நாக்கு தானாகப் புரண்டு பின்பாதியை முழங்கி ஆமென் போட்டது. ஒரே மணியில் பழைய கதைக்குத் திரும்பிவிட்டார்கள் அம்மாவும் பிள்ளையும்!

ஃபாதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டாம் மணி. சவரி முன்பாதி. அத்தையும் முன்பாதி. சவரி பின்பாதி. கூட்டத்தில் பாதிப் பேர் அம்மா பக்கம், பாதிப் பேர் மகன் பக்கம். யாரோ ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக் குலுங்கினாள். எங்கள் அப்பா எதுவும் புரியாமல், எல்லாம் முடிந்த பிறகு தனியாக ஆமென் சொன்னார்.

சிரிப்பு ஒரு பக்கம், திருப்பூர் அத்தை மகன் ஒரு பக்கம். நடப்பது நடக்கட்டும் என்று, சவரிக்குக் காட்ட வேண்டிய கையை விரித்து அத்தையின் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டேன். நிறுத்து!

அவர் அசந்துபோய் நிறுத்தினார். வாழ்க்கையில் அவரை அப்படி யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

“அத்தை, இன்னிக்கு நாம பின்பாதி” என்றேன் மெதுவாக.

“தெரியும்டி” என்றார். வாயைத் திறந்தார். மூடினார். நான் அந்த முகத்தை எங்கே பார்த்தேன்? போன ஞாயிறு, விசிறிக்கு முன்னால்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு வரலடி” என்றார் என் காதில். “தெனமும் கேக்குறதுதான். எடுக்க வரல. அது எப்படி ஆரம்பிக்கும்?”

குரலில் பயம் இருந்தது. மாதாவுக்கு முன்னால், தெருவுக்கு முன்னால், அதுவும் என் முன்னால். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு நொடியில் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது, பிரியமாக இருந்தது.

மூன்றாம் மணிக்கு சவரி முன்பாதி சொல்லி முடித்ததும் நான் பின்பாதியை எடுத்தேன். எட்டாம் பக்கம் கீழிருந்து நாலாவது வரி. ஒவ்வொரு வார்த்தையாக, அவர் காதுக்கு மட்டும். அவர் பின்னால் வந்தார், ஒரு வார்த்தை பிந்தி. நாலாம் மணியில் அரை வார்த்தை பிந்தி. அஞ்சாம் மணியில் என்னை நெருங்கி உட்கார்ந்தார்.

ஆறாம் மணிக்கு முன்னால் முழங்கையால் என்னை இடித்தார்.

“சத்தமாச் சொல்லு காளீஸ்வரி. ஊதுவத்திக்குக் கேக்குற மாதிரி சொன்னா எனக்கு எப்படிக் கேக்கும்?”

என் பேரை அவர் வாயால் அன்றைக்குத்தான் கேட்டேன். சத்தமாகச் சொன்னேன். தெரு முனை வரை கேட்டிருக்கும். மிச்ச நாற்பத்து எட்டு மணியும் அப்படித்தான் போனது. சவரி தூக்கினார், நான் நிறுத்தினேன், அத்தை என் கையை விடவே இல்லை.

முடிந்ததும் ஃபாதர் கைக்குட்டையை முகத்திலிருந்து எடுத்தார். அதுவரை அதற்குள்தான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். “சவரி பாஸு. நாளைக்கு ஓலை வாசிச்சிருவேன்” என்றார். “மத்தலேன் அம்மா, நீங்க மட்டும் ஒரு நாளைக்கு அலுவலகத்துக்கு வந்து பின்பாதிய ஒப்பிச்சிருங்க.”

“போங்க சாமி!” என்று அத்தை முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். இந்தத் தடவை அது சிரிப்பு. வீடே வெடித்துச் சிரித்தது. அப்பாவின் அண்டாவில் டீ கொதித்தது, சுண்டல் வந்தது.

மூன்றாம் ஓலை

மறுநாள் காலைப் பூசை. நற்கருணை வாங்க எல்லாரும் வரிசையில் போனார்கள். அப்பத்தில் இயேசுவே வருகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. எனக்கு அது இல்லை என்பதால் மார்பில் கையைக் குறுக்காக வைத்துக்கொண்டு போய் நின்றேன், ஃபாதர் தலையில் கை வைத்து ஆசீர் சொன்னார். பிறகு என் வழக்கமான கடைசித் தூணுக்குத் திரும்பப் போனேன். அத்தை சேலையைப் பிடித்து இழுத்து, முதல் வரிசையில் தன் பாயில் உட்காரவைத்தார்.

பூசை முடிவில் ஃபாதர் காகிதத்தை எடுத்தார். சவரிராஜ் பேர் வந்தது. அடுத்து, “அறந்தாங்கியைச் சேர்ந்த காளீஸ்வரி.”

இரண்டு வாரம் கேட்டும் ஊருக்குப் பழகவில்லை. பின்னாலிருந்து அத்தனை தலையும் எட்டிப் பார்த்தது. பக்கத்து வரிசைகள் திரும்பின. நான் தரையைப் பார்த்தேன்.

அத்தை பாயிலிருந்து எழுந்தார். முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளினார். கோயிலைப் பார்த்து முழுசாகத் திரும்பினார்.

“என்னத்தப் பாக்குறீங்க எல்லாரும்?” என்றார், முன்பாதி சொல்கிற அதே குரலில். “என் மருமகதான். தடை கிடை இருந்தா எங்கிட்ட வந்து சொல்லுங்க.”

ஃபாதர் ஒலிபெருக்கி முன் ஒரு நிமிஷம் காத்திருந்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.